மீட்டர் ‘சூப்பர்’ என்றது... கடலில் மாமாவின் குரல் யாருக்கும் கேட்கவில்லை!

போன கார்த்திகையில் ஒரு நாள். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் கரைக்கு வந்திருக்க வேண்டிய என் மாமா, ராத்திரி பதினொன்றரைக்குத்தான் வீராம்பட்டினம் வந்து சேர்ந்தார். அதுவும் சொந்த இன்ஜினில் இல்லை, இன்னொரு படகின் கயிற்றில்.

ஸ்க்ரூவில் வலை சுற்றி இன்ஜின் நின்றுவிட்டது. கரையிலிருந்து 20 கிலோமீட்டர் இருக்கும். போனில் சிக்னல் இல்லை. வாடைக் காற்று ஃபைபர் படகைத் தெற்கே தள்ளிக்கொண்டிருந்தது. மாமா பதறவில்லை. படகில்தான் வி.ஹெச்.எஃப் செட் இருக்கிறதே! 25 வாட் செட். மைக்கை எடுத்து 16-ம் சேனலில் கூப்பிட்டார். பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் கரகரவென்று இரைச்சல்தான். இருட்டிய பிறகு, அந்தப் பக்கமாகத் திரும்பிய ஒரு படகு டார்ச் வெளிச்சத்தைப் பார்த்தது. அதனால்தான் தப்பித்தார்.

மறுநாள் கரையில் விசாரித்தபோது, அவர் கூப்பிட்ட நேரத்தில் பத்து கிலோமீட்டர் தள்ளி நம் ஊர்ப் படகுகளே நாலைந்து இருந்தது தெரிந்தது. எல்லோருடைய செட்டும் ஆன். “உன் சத்தமே வரலியே மச்சான்” என்றார்கள். அன்று ராத்திரி கரையில் உட்கார்ந்திருந்த அத்தையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த வாரம் ஆன்டெனா பற்றி எழுதுகிறேன்.

“ஆன்டெனா பக்கா, செட்டு போச்சு!”

இரண்டு நாள் கழித்து, செட் விற்ற கடையிலிருந்து ஒருவரை மாமா படகுக்கே அழைத்து வந்தார். அவர் செட்டுக்கும் ஆன்டெனா கேபிளுக்கும் நடுவில் ஒரு முள் மீட்டரை மாட்டினார். மைக் பட்டனை அழுத்தினார். முள் 1.2-ல் நின்றது.

“சூப்பர் ரீடிங். ஆன்டெனா பக்காவா இருக்கு. செட்டுதான் போயிருக்கும், புதுசு மாத்திடுங்க” என்றார். பதினைந்தாயிரம் ரூபாய் செலவு.

மாமா என்னைக் கூப்பிட்டார். “பாப்பா, நீதான் போன், வைஃபைன்னு ஏதேதோ எழுதுறியே, இதைக் கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லேன்” என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது ஆன்டெனா என்றால் மொட்டைமாடியில் காக்கா உட்காரும் கம்பி. அவ்வளவுதான். லாஸ்பேட்டையில் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வைத்திருக்கும் ஓர் அண்ணனைத் தெரியும். செட், கேபிள், ஆன்டெனா மூன்றையும் கழற்றி அவர் வீட்டு மாடிக்கு எடுத்துப் போனோம்.

அண்ணன் கொண்டுவந்த கருவி சீட்டுக்கட்டு அளவுதான் இருந்தது. பெயர் ‘நானோ வி.என்.ஏ’. பெரிய ஆய்வகங்களில் பல லட்சம் ரூபாய்க்கு இருக்கும் ‘வெக்டர் நெட்வொர்க் அனலைசர்’ என்ற கருவியின் குட்டித் தம்பி. சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது.

கடைக்காரரின் மீட்டருக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம். அந்த மீட்டர், செட் எந்த அலைவரிசையில் பேசுகிறதோ அந்த ஒரே இடத்தில் அளந்தது. இது அப்படியில்லை. 100 மெகாஹெர்ட்ஸில் ஆரம்பித்து 500 மெகாஹெர்ட்ஸ் வரை, ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே ஆன்டெனாவிடம் கேள்வி கேட்கிறது. “இது உனக்குப் பிடிக்கிறதா, இது, இது?” பதில்களையெல்லாம் ஒரே கோடாகத் திரையில் வரைகிறது. ‘ஸ்வீப்’ என்கிறார்கள்.

திரையில் கோடு வந்தது. 100-ல் தொடங்கி 500 வரை எங்கேயும் 2-ஐத் தாண்டவில்லை. தரையோடு தரையாக ஓடியது. எனக்குச் சந்தோஷம். “எல்லா இடத்துலயும் நல்லா இருக்குண்ணா!”

அண்ணன் சிரிக்கவில்லை. “அதாம்மா பிரச்னை. இந்த ஆன்டெனாவுக்கு இவ்வளவு நல்ல பேர் வரக் கூடாது” என்றார்.

ஒவ்வொரு அலைக்கும் ஒரு நீளம்

ஏன் வரக் கூடாது? இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். 150-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால், அந்த அலையின் பாதி நீளம் மீட்டரில் வந்துவிடும். நம்ம புதுச்சேரி ரெயின்போ எஃப்.எம் 102.8. வகுத்தால் சுமார் ஒன்றரை மீட்டர். கடல் செட்டின் 16-ம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். வகுத்தால் சுமார் 96 சென்டிமீட்டர். வைஃபை 2,400 மெகாஹெர்ட்ஸ். வகுத்தால் ஆறேகால் சென்டிமீட்டர், அதாவது உங்கள் ஆள்காட்டி விரல் அளவு.

சாதாரணக் கம்பி ஆன்டெனா இந்தப் பாதி நீளத்தையோ கால் நீளத்தையோ ஒட்டி வெட்டப்படுகிறது. தன் நீளத்துக்கு ஏற்ற அலை வந்தால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளியதுபோல ஆடும். வேறு அலை வந்தால் அசையாது. எனவே ஒழுங்கான கடல் ஆன்டெனாவை ஸ்வீப் செய்தால், 156-ஐ ஒட்டிக் கோடு ஒரு குழிபோல இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் மதில்போல ஏறி நிற்க வேண்டும்.

இது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. இலங்கையில் ரூபவாஹினி 1982-ல் தொடங்கியது. அதன் பிறகு நம் கடலோர ஊர்களில் பல வீடுகளில் அதற்கென்றே உயரமான கம்பத்தில் தனி ஆன்டெனா நின்றது. என் தாத்தா வீட்டிலும் இரண்டு இருந்ததாம். ஒன்று மெட்ராஸ் பார்த்து, இன்னொன்று சிலோன் பார்த்து. ஒன்றின் கம்பிகள் நீளம், இன்னொன்றில் குட்டை. இரண்டும் ஒரே டி.வி-க்குத்தான். ஆனால், அலைவரிசை வேறு, திசை வேறு.

‘ஒரே ஆன்டெனா எல்லா அலைவரிசைக்கும் வேலை செய்யாதா?’ என்று கேட்கலாம். செய்யும், அதற்கென்று வடிவமைத்தால். மீன் முள்போல, ஒரு முனையில் குட்டைக் கம்பியில் ஆரம்பித்து மறுமுனையில் நீளமாகிக்கொண்டே போகும் ஆன்டெனாவைப் பார்த்திருப்பீர்கள். ‘லாக் பீரியாடிக்’ என்று பெயர். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவானது. எந்த அலை வந்தாலும் தனக்குப் பொருத்தமான நீளமுள்ள கம்பிகளிடம் அது போய்விடும். விலை, இடம், எடை எல்லாம் அதிகம். மாமாவின் படகில் இருந்தது அதுவல்ல, ஒற்றைக் கம்பி. ஒற்றைக் கம்பி எல்லாப் பாட்டுக்கும் தலையாட்டுகிறது என்றால், வேறு எங்கோ தவறு இருக்கிறது.

திரும்பி வராதவர்கள் எங்கே போனார்கள்?

மீட்டர் காட்டிய 1.2 எதன் கணக்கு? ‘எஸ்.டபிள்யூ.ஆர்’ என்ற அளவு அது. செட்டிலிருந்து கிளம்பும் சக்தியில் எவ்வளவு, ஆன்டெனா வாசலில் முட்டித் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும். 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 2 என்றால் நூற்றில் 11 பங்கு திரும்புகிறது. 3 என்றால் 25. 5 என்றால் 44. எனவே 2-க்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள்.

ஆனால், இது திரும்பி வருபவர்களை மட்டும் எண்ணுகிற கணக்கு. திரும்பி வராதவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

அண்ணன் மேசையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். உள்ளே 50 ஓம் ரெசிஸ்டர் மட்டும்தான். ஹாம் ரேடியோக்காரர்கள் சோதனைக்கு வைத்திருப்பது, ‘டம்மி லோடு’ என்று பெயர். கருவியில் மாட்டினார். கோடு 1-ஐ ஒட்டியே ஓடியது. மாமா ஆன்டெனாவைவிட அருமையான ரீடிங்! ஆனால், இந்த டப்பா காற்றில் எதையும் அனுப்பாது. கொடுக்கும் சக்தி முழுவதையும் சூடாக்கி விழுங்கிவிடும். மீட்டரைக் கேட்டால் இதுதான் உலகத்திலேயே சிறந்த ஆன்டெனா.

“இப்ப உங்க மாமா ஆன்டெனாவுக்கு வருவோம்” என்றவர், கேபிளின் மறுமுனையில் இருந்த ஆன்டெனாவை மரையைச் சுற்றிக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார். இப்போது கருவியில் இருப்பது வெறும் கேபிள். அதன் முனையில் ஒன்றுமே இல்லை. நல்ல கேபிளாக இருந்தால், போன சக்தி முனையில் முட்டி அப்படியே திரும்பி வர வேண்டும். கோடு எங்கேயோ மேலே ஏற வேண்டும்.

156-ல் ரீடிங் 1.7.

ஆன்டெனாவே இல்லை. ஆனாலும், மீட்டர் “நல்லா இருக்கு” என்கிறது!

கேபிள்தான் திருடன். போகும்போது பாதிக்கு மேல் விழுங்கி, திரும்பும்போது மீதியையும் விழுங்கிவிட்டால், வாசலில் இருப்பவருக்கு யாரும் திரும்பி வந்ததே தெரியாது. அண்ணன் அங்கேயே கணக்குப் போட்டார். 25 வாட்டில் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்ந்தது ஆறு, ஆறரை வாட். நாலில் ஒரு பங்கு.

“நாலில் ஒரு பங்கு பவர்னா தூரமும் நாலில் ஒண்ணா ஆயிடுமாண்ணா?”

“இல்லம்மா. கடல் மேல தோராயமா மூணுல ஒரு பங்கு தூரம் குறையும். 12 கிலோமீட்டர் போற இடத்துல எட்டு போகும். மத்த படகெல்லாம் பத்துல இருந்தாங்கன்னு சொன்னியே...”

மாமா அந்த எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்தான் மிதந்துகொண்டிருந்தார். கேபிள் விழுங்குவது போக, வர இரண்டுக்கும்தான். அவர்கள் பேசியதும் இவருக்குக் கேட்கவில்லை.

பிளேடை எடுத்துக் கேபிளின் மேல்முனையைக் கீறினோம். உள்ளே பளபளவென்று இருக்க வேண்டிய செம்புப் பின்னல் கறுத்துப் பச்சை பூத்துக் கிடந்தது. விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. மேலே ஆன்டெனாவோடு இணையும் கனெக்டர் தண்ணீர் புகாத வகை இல்லை. சுற்றியிருந்த டேப் பிய்ந்திருந்தது. உப்புக்காற்றின் ஈரம் அங்கே புகுந்து, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, பின்னல் வழியாக உள்ளே ஊர்ந்திருக்கிறது. வெளித்தோல் மட்டும் புதுசு மாதிரியே இருந்தது.

சில நூறு ரூபாய்க்குப் புதுக் கேபிள். ஆன்டெனாவின் அடிப்பகுதியைச் சுத்தம் செய்து மாட்டி மறுபடி ஸ்வீப். 156-ஐ ஒட்டி அழகான குழி, இரண்டு பக்கமும் மதில். செட்டில் எந்தக் கோளாறும் இல்லை.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் மீட்டர் காட்டியதைச் சொன்னார். மீட்டரும் பொய் சொல்லவில்லை, கேட்ட ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொன்னது. இரண்டாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை.

பெரிய இடத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

வாசல் கணக்கு முதல் பாடம் மட்டும்தான். உள்ளே போன சக்தியில் எவ்வளவு காற்றில் வெளியேறுகிறது, எந்தத் திசையில் எவ்வளவு போகிறது, இவை ஒவ்வொரு அலைவரிசையிலும் எப்படி மாறுகின்றன என்றும் பார்க்க வேண்டும். இதற்கென்றே எதிரொலி இல்லாத அறைகள் இருக்கின்றன. சுவர், கூரை, தரை எங்கும் கரி கலந்த ஸ்பாஞ்ச் கூம்புகள் ஒட்டியிருப்பார்கள். முட்டும் அலையை அவை விழுங்கிவிடும். நடுவில் ஒரு சுழலும் மேசை. அதன் மேல் ஆன்டெனாவை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு கோணத்திலும் ஒவ்வொரு அலைவரிசையாக அளப்பார்கள். நமக்குப் பக்கத்தில், சென்னை தரமணியில் மத்திய அரசின் ‘சமீர்’ நிறுவனத்துக்கு மின்காந்தவியலுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது.

உங்கள் கையில் இருக்கும் போனை நினைத்துப் பாருங்கள். காசு கட்டத் தட்டும் என்.எஃப்.சி 13.56 மெகாஹெர்ட்ஸ். மொபைல் சிக்னல் 700-ல் ஆரம்பித்து 900, 1800, 2100, 2300 என்று போய், 5ஜி-யில் 3,300-ஐத் தாண்டுகிறது. ஜி.பி.எஸ் 1575.42. ப்ளூடூத்தும் வைஃபையும் 2,400. இன்னொரு வைஃபை 5,000-க்கு மேல். இவ்வளவுக்கும் உள்ளங்கை அளவு இடத்தில், பேட்டரிக்கும் கேமராவுக்கும் ஓரமாக ஆன்டெனாக்களை மடித்து வைக்க வேண்டும். ஒரு அலைவரிசையில் பிரமாதமாக இருந்து, உங்கள் தெருவில் வரும் அலைவரிசையில் சொதப்பினால், ‘இந்த போன்ல டவரே எடுக்க மாட்டேங்குது’ என்றுதான் உங்களுக்குத் தெரியும்.

அறையில் பாஸானால் போதுமா? 2010-ல் வந்த ஐபோன் 4 கதை நினைவிருக்கிறதா? போனைச் சுற்றியிருந்த எஃகுச் சட்டமே ஆன்டெனா. ஓரத்தில் இருந்த இடைவெளியில் விரல் பட்டால் சிக்னல் இறங்கியது. பெரிய ரகளை ஆனது. ஆப்பிள் நிறுவனம் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, தங்களிடம் 17 சோதனை அறைகள் இருப்பதாகவும், அதற்காக 10 கோடி டாலர் செலவழித்திருப்பதாகவும் விளக்கியது. வாடிக்கையாளர்களுக்கு இலவசமாக உறையும் கொடுத்தது. அத்தனை அறைகள் இருந்தும் கடைசியில் பேசுபொருளானது ஒரு விரல். ஆன்டெனாவை அது வாழப்போகும் இடத்திலேயே சோதிக்க வேண்டும். போன் என்றால் கையில். படகு என்றால் உப்பில்.

ஏரியில் மிதந்த ஆன்டெனா

இதே பிரச்னை விஞ்ஞானிகளுக்கும் வந்தது. அதுவும் பிரபஞ்சத்தின் பிறப்பு ரகசியத்தைத் தேடும்போது!

பிரபஞ்சத்தில் முதல் நட்சத்திரங்கள் பற்றிக்கொண்ட காலத்தில், எங்கும் ஹைட்ரஜன் வாயு நிறைந்திருந்தது. அந்த ஹைட்ரஜனின் கையெழுத்து 1,420 மெகாஹெர்ட்ஸில் இருக்கும். பிரபஞ்சம் விரிந்து விரிந்து, அந்த அலை இன்று நம்மை வந்தடையும்போது பல மடங்கு நீண்டு, மெகாஹெர்ட்ஸ் கணக்கில் பத்துகளுக்கு இறங்கிவிட்டது. 2018 மார்ச்சில், ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் ஒரு மேசை அளவு ஆன்டெனாவை வைத்திருந்த ‘எட்ஜஸ்’ குழுவினர், 78 மெகாஹெர்ட்ஸை ஒட்டிக் கோட்டில் ஒரு குழி தெரிவதாக ‘நேச்சர்’ இதழில் அறிவித்தார்கள். முதல் நட்சத்திரங்களின் தடயம்! உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால், எதிர்பார்த்ததைவிட அந்தக் குழி இரண்டு மடங்குக்கும் மேல் ஆழமாக இருந்தது. அப்படியானால் இயற்பியலிலேயே புதிதாக ஏதோ இருக்க வேண்டும் என்று கட்டுரைகள் குவிந்தன.

ஒரு சந்தேகமும் எழுந்தது. அந்தக் குழி வானத்தில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா?

தேடும் தடயமோ, வானத்தின் மொத்த ரேடியோ இரைச்சலில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சின்னது. ஆன்டெனாவின் தன்மை அலைவரிசைக்கு அலைவரிசை ஒரு துளி ஏறி இறங்கினாலும், அது வானத்தின் குழிபோலவே தெரியும். அதோடு, ஆன்டெனாவுக்குக் கீழே இருக்கும் மண்ணும் சும்மா இருக்காது. ஓரிடத்தில் ஈரம், ஓரிடத்தில் பாறை, அடுக்கடுக்காக அலையைத் திருப்பி அனுப்பும். அதுவும் கோட்டில் நெளிவுகளை உண்டாக்கும்.

இங்கேதான் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனம் வருகிறது. திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன் 1948-ல் தொடங்கிய அதே நிறுவனம். அவர்களின் கருவி ‘சரஸ் 3’. அதன் ஆன்டெனா கூம்பு வடிவம். அலைவரிசை மாறினாலும் தன் குணம் சட்டென்று மாறாத, வழவழப்பான கோடு வர வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செதுக்கப்பட்டது. மண் பிரச்னைக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி இன்னும் அழகு. ஆன்டெனாவைத் தெப்பத்தில் ஏற்றி ஏரியில் மிதக்கவிட்டார்கள்! தண்ணீரில் பாறையும் இல்லை, அடுக்கும் இல்லை, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. 2020-ன் தொடக்கத்தில், கர்நாடகாவின் தண்டிகனஹள்ளி ஏரியிலும், சராவதி அணையின் நீர்ப்பரப்பிலும் அது மிதந்தபடி வானத்தைக் கேட்டது. நகரங்களை விட்டு அவ்வளவு தூரம் போனதற்கு நம்ம எஃப்.எம் நிலையங்களும் ஒரு காரணம். அவர்கள் தேடும் அலைவரிசைக்கு மேலேயே 88-லிருந்து 108 வரை நாம் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கிறோமே!

சௌரப் சிங் முதல் ஆசிரியராக இருந்த அந்தக் குழுவின் கட்டுரை 2022 பிப்ரவரி 28-ல் ‘நேச்சர் அஸ்ட்ரானமி’ இதழில் வந்தது. எட்ஜஸ் சொன்ன குழி சரஸின் அளவீட்டில் இல்லை. 95.3 சதவிகித உறுதியோடு அதை நிராகரித்தார்கள். அந்தக் குழி வானத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு குறைவு, கருவியின் குறையாக இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. முதல் நட்சத்திரங்களின் தேடல் இன்னும் தொடர்கிறது.

படித்தபோது எனக்கு லாஸ்பேட்டை மாடிதான் ஞாபகம் வந்தது. அங்கே இருக்க வேண்டிய குழி இல்லை. இங்கே இருக்கக் கூடாத குழி இருந்தது. இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான். திரையில் தெரியும் கோடு எதைப் பற்றியது? வெளியே இருப்பதையா, நம் கருவியையா?

நீங்கள் என்ன செய்யலாம்?

போன வாரம் ரவுட்டரை வீட்டில் எங்கே வைப்பது என்று எழுதியதற்குப் பிறகு, ‘எனக்கு உபயோகமா ஏதாவது சொல்லும்மா’ என்று கேட்டவர்கள் நிறைய. உங்களுக்காக:

* போனில் எஃப்.எம் கேட்க இயர்போன் செருகச் சொல்வது ஏன்? அந்த ஒயர்தான் ஆன்டெனா. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் கால் நீளம் 75 சென்டிமீட்டர். ஒயரைச் சுருட்டிப் பாக்கெட்டில் போடாமல் நீளமாகத் தொங்கவிட்டால் கரகரப்பு குறையும்.

* ரவுட்டரில் நிற்கும் கம்பி ஆன்டெனா, பக்கவாட்டில்தான் நன்றாக வீசும். நுனிப் பக்கம் பலவீனம். கம்பியின் நுனியை உங்களை நோக்கித் துப்பாக்கிபோல நீட்டி வைக்காதீர்கள்.

* சண்டே மார்க்கெட்டிலோ ஆன்லைனிலோ ‘ஆல் பேண்ட்’, ‘சூப்பர் ரேஞ்ச்’ என்று ஆன்டெனா வாங்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள். ‘எந்த அலைவரிசையிலிருந்து எந்த அலைவரிசை வரை, எங்கே எவ்வளவு கெயின்?’ ஒரே ஓர் எண் மட்டும் அச்சடித்திருந்தால் யோசியுங்கள்.

* கடலோரத்தில் டி.டி.ஹெச், சி.சி.டி.வி, இன்டர்நெட் என்று எந்தக் கேபிள் போனாலும், வெளியே இருக்கும் கனெக்டரைத் தண்ணீர் புகாத ரப்பர் டேப்பால் சுற்றுங்கள். வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கேபிளை ‘ப’ எழுத்துபோலத் தொங்கலாக விடுங்கள். மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

* படகில் செட் வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது, ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு வெறும் கேபிளைச் சோதிக்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனையை நானோ வி.என்.ஏ போன்ற கருவியால் செய்யச் சொல்லுங்கள். முனையில் ஒன்றும் இல்லாமல் செட்டின் மைக் பட்டனை அழுத்தினால் செட்டே பழுதாகலாம்.

* கருவி வாங்கி ஆர்வத்தில் நீங்களே சிக்னல் அனுப்பிப் பார்க்கலாமா? கூடாது. அதற்கு மத்திய அரசு நடத்தும் தேர்வு எழுதி ஹாம் லைசென்ஸ் வாங்க வேண்டும். நம்ம ஊரிலேயே நிறைய பேர் வாங்கியிருக்கிறார்கள்.

‘கேக்குதா?’

புதுக் கேபிள் மாட்டிய பிறகும் மாமா செட்டை முழுசாக நம்பவில்லை. “மீட்டரு சொன்னா மட்டும் ஆச்சா?” என்றார். இப்போது தினமும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். விடியற்காலையில் கடலுக்குள் போய், பத்து கிலோமீட்டர் தாண்டியதும் மைக்கை எடுத்து, தங்கள் ஆட்கள் பேசும் சேனலில் முன்னால் போன படகைக் கூப்பிடுகிறார். “கேக்குதா?” அந்தப் பக்கத்திலிருந்து “கேக்குது மாமா” என்று வந்தால்தான் வலையை இறக்குகிறார். லட்ச ரூபாய்க் கருவி எதுவும் தராத சர்டிஃபிகேட் அது. அலை, உப்பு, காற்று, தூரம் எல்லாம் சேர்ந்த சோதனை.

மற்ற படகுகளும் இப்போது இப்படிக் கூப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்திருக்கின்றன. அதில் இரண்டு படகுக்குப் பதில் வரவில்லை. லாஸ்பேட்டை அண்ணனுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கிறது. கருத்துப்போன அந்தப் பழைய கேபிள் துண்டை மாமா தூக்கிப் போடவில்லை. படகில் செட்டுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.

அடுத்த வாரம் சந்திப்போம்!